கட்டிலுக்கடியில் புது ஷூக்கள்

என் அத்தான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை முழங்கால் போடுவார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. காலையில் ஷூக் கடையைத் திறந்ததும் கல்லாவுக்குப் பின்னால் ஒரு முறை. அதற்குப் பிறகு வருகிற வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை. மற்ற கடைகளில் குட்டை முக்காலியில் உட்கார்ந்துகொண்டு கால் அளவு எடுப்பார்கள். அத்தான் தன் முக்காலியை எங்கோ மூலையில் தூக்கிப் போட்டுவிட்டார். வெறுந்தரையில் முழங்கால் ஊன்றி, வந்தவரின் பாதத்தைத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு, "ஆண்டவரே சீஷர் காலைக் கழுவினார். நான் அளவு எடுக்கக் கூடாதா பிரதர்?" என்பார். வந்தவருக்கு நெஞ்சு உருகிவிடும். உருகின நெஞ்சோடு இரண்டாவது ஜோடியும் வாங்கிக்கொண்டு போவார்.

அளவுகோல்கூட வெறும் ஒப்புக்குத்தான். பாதத்தைக் கண்ணால் பார்த்தாலே போதும் அவருக்கு. "எட்டு. இடது கால் மட்டும் கொஞ்சம் அகலம். சரிதானே?" என்பார். சரியாகத்தான் இருக்கும். அந்தத் திறமையை நான் மறுக்கவில்லை. ஊரார் காலெல்லாம் அவருக்கு அத்துப்படி.

நான் அவருடைய மனைவிக்குத் தம்பி. லிஃப்ட் பழுது பார்ப்பவன். சபைக்குப் போகாதவன். அதனால் முகத்துக்கு நேரே "மாப்ள" என்றும், முதுகுக்குப் பின்னால் "அந்த அவிசுவாசி" என்றும் அவர் வாயில் எனக்கு இரண்டு பெயர். அவருக்கும் அப்படித்தான். சபையில் அவர் பெரிய பிரதர். தெருவில் அவர் பெயர் "நடப்பான்". அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதுதான் கதை.

கடையின் பின்னால் சரக்கு அறை. சுவரை மறைத்துக்கொண்டு கூரை வரைக்கும் ஷூப் பெட்டிகள். மேல்தட்டை ஒட்டி ஓர் இரும்புக் கம்பி ஓடும். ஏணியின் தலையில் இருக்கும் இரண்டு கொக்கிகளையும் அந்தக் கம்பியில் மாட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும். அவற்றில் ஒரு கொக்கி தேய்ந்து வாய் பிளந்துவிட்டிருந்தது. ஏறி இறங்குகிறவர் அத்தானின் தம்பி. வீட்டில் எல்லோருக்கும் அவர் சின்னவர். கொக்கியை மாற்ற வேண்டும் என்று சின்னவர் அண்ணனிடம் சொன்னார். மறுபடியும் சொன்னார். அந்த நேரம் பார்த்துச் சபையில் எழுப்புதல் கூட்டம். அத்தான்தான் ஏற்பாடெல்லாம். மேடை, மைக், வெளியிலிருந்து வருகிற பிரசங்கியாருக்கு மெத்தை போட்ட அறை என்று அவருக்குத் தலைக்குமேல் வேலை. "ஆண்டவர் காரியம் முதல்ல முடியட்டும்டா, கொக்கி எங்க ஓடிடப் போகுது" என்றார்.

கொக்கி எங்கும் ஓடவில்லை. ஏணிதான் ஓடியது. உச்சியிலிருந்து சின்னவர் மல்லாக்க விழுந்தார், முதுகெலும்பு போயிற்று. மருத்துவமனையில் டாக்டர் அத்தானைத் தனியாகக் கூப்பிட்டு, இடுப்புக்குக் கீழே இனி உணர்வு திரும்பாது, சக்கர நாற்காலியில் பழக்குங்கள், கைகள் நன்றாக இருக்கின்றன, உட்கார்ந்து செய்கிற வேலை எதுவும் செய்யலாம் என்று பொறுமையாக விளக்கினார். அத்தான் முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்.

"நடப்பான்."

அன்று பிடித்தது. பக்கத்து வீட்டுக்காரர் விசாரித்தால் "நடப்பான்". பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தவர் கேட்டால் "நடப்பான்". பால்காரர் வாய் திறப்பதற்கு முன்பே "நடப்பான்". கொஞ்ச நாளில் தெருவே அவரை அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. அவர் காதிலும் விழுந்திருக்கும். அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டார்.

விசுவாசத்தைச் செயலில் காட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. எப்படிக் காட்டினார் தெரியுமா? சின்னவரின் பிறந்தநாளன்று கடையிலிருந்து ஒரு புது ஜோடி ஷூ கொண்டுவந்தார். நல்ல தோல். கட்டிலைச் சுற்றி ஜெபக் குழுவை நிற்கவைத்து, ஷூவை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்து, "இதப் போட்டுட்டு இவன் நடந்து வருவான்" என்று அறிக்கை செய்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். ஷூ கட்டிலுக்கு அடியில் போயிற்று. அடுத்த பிறந்தநாளுக்கு அடுத்த ஜோடி. அதற்கு அடுத்ததற்கு மற்றொன்று. வீடு பெருக்கும்போது அக்கா குனிந்து ஒவ்வொரு பெட்டியாக வெளியே இழுத்து, தூசி தட்டி, திரும்ப உள்ளே தள்ளுவாள். நடக்காதவர் வீட்டில்தான் ஷூ அதிகம்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆள் குள்ளம், ஒல்லி. சின்னவரோ வாட்டசாட்டமானவர். அவரைப் புரட்டிப் போட்டு முதுகு துடைப்பது, புண் வராமல் பார்த்துக்கொள்வது, கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்த்தி, அந்த நாற்காலியைத் தரையில் இழுத்துக்கொண்டே குளியலறைக்குப் போவது எல்லாம் அவள்தான். பின்கட்டுச் சிமெண்டுத் தரையில் நாற்காலிக் கால்கள் கிழித்த கோடுகள் இன்றும் இருக்கின்றன. அவள் இடுப்பு போய்விட்டது. எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வாள். அந்த நேரத்தில் அத்தான் எங்கே இருப்பார்? மருத்துவமனை வார்டுகளில், யாரோ முன்பின் தெரியாதவரின் தலையில் கைவைத்து, வியாதியைக் கடிந்துகொண்டு இருப்பார். வீட்டுக்கு வந்ததும், "இன்னைக்கு ஊழியத்துல ரொம்பக் களைப்பு. ஒரு டீ கொண்டா" என்பார்.

அக்காவும் சபைக்குப் போகிறவள்தான். அவள் ஜெபம் பண்ணி நான் சத்தம் கேட்டதில்லை. சின்னவரைத் தூக்குவதற்கு முன் கண்ணை ஒரு கணம் மூடுவாள், அவ்வளவுதான். அந்த வீட்டில் கிறிஸ்தவம் என்று ஒன்று இருந்ததென்றால் அது அவள் இடுப்பில் இருந்தது. இதை அத்தானிடமே ஒரு முறை சொன்னேன். "மாம்சத்தின் கிரியை வேற, விசுவாசம் வேற மாப்ள" என்று எனக்குப் பாடம் நடத்தினார்.

சின்னவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. போகும்போதெல்லாம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிடுவேன். என்னை அவர் "லிஃப்ட்டு" என்றுதான் கூப்பிடுவார். "என்ன லிஃப்ட்டு, இன்னைக்கு யாரத் தூக்கிவிட்ட? யாரக் கவுத்த?" என்பார். வாய்க்குக் குறைச்சல் இல்லை. படுத்த படுக்கையிலேயே அக்கம்பக்கத்துக் கைக்கடிகாரங்களைப் பிரித்துப் பூட்டுவார். வயிற்றின்மேல் ஒரு தட்டு, தட்டில் வெள்ளைத் துணி, அதில் கண்ணுக்குத் தெரியாத திருகாணிகள். ஒன்று தரையில் விழுந்தால் கதை முடிந்தது. அக்கா வந்து முட்டிபோட்டுத் தேட வேண்டும்.

தெருமுனையில் கடிகாரக் கடை வைத்திருப்பவர் சின்னவருக்குப் பழைய சிநேகிதர். அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. ஒரு நாள் நான் இருக்கும்போதே வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உன் கை நல்லா ஓடுதுப்பா. கடையில எனக்கு எதிர் மேசை காலியா கெடக்கு. பகல்ல வந்து உக்காந்தா போதும். ஆனா இந்த மாசக் கடைசிக்குள்ள சொல்லிடு. அதுக்கு மேல நான் வேற ஆளப் பாத்துக்கணும், தப்பா நெனைக்காத."

அவர் போனதும் சின்னவர் என் கையைப் பிடித்தார். அதுவரைக்கும் சின்னவர் என்னிடம் எதுவும் கேட்டதே இல்லை.

"லிஃப்ட்டு, எனக்கு ஒரு சக்கர நாற்காலி வேணும். நடக்கறதெல்லாம் அப்புறம் ஆண்டவர் பாத்துக்கட்டும். எனக்கு அந்த மேசைக்குப் போகணும்."

மருத்துவமனை லிஃப்ட்டைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அங்கே கழித்துக் கட்டிய சாமான்கள் குவிந்திருக்கும் இடத்தில் ஒரு சக்கர நாற்காலி சாய்ந்து கிடந்தது. மேலாளரிடம் கேட்டேன். தொல்லை விட்டது, எடுத்துக்கொண்டு போ என்றார். என் பட்டறையில் வைத்து பேரிங் மாற்றினேன், புது டயர் போட்டேன், கிழிந்த இருக்கைக்குப் புதுத் துணி தைக்கக் கொடுத்தேன். ஒரு விரலால் தள்ளினால் ஓடும் அளவுக்கு வந்துவிட்டது. வாசல்படியில் சாய்த்துப் போட ஒரு பலகையும் அறுத்து வைத்தேன். ஞாயிறு மதியம், அத்தான் வீட்டில் இருக்கிற நேரம் பார்த்தே கொண்டுபோனேன். ஒளித்துச் செய்ய இது என்ன திருட்டா?

அத்தான் வாசலிலேயே மறித்துக்கொண்டார். வாசிப்புக் கண்ணாடியை மூக்குநுனியில் வைத்துக்கொண்டு வேதத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே எழுந்து வந்திருந்தார்.

"இது எதுக்கு?"

"சின்னவருக்கு."

"இது வாசலத் தாண்டி உள்ள வந்துச்சுன்னா, ஆண்டவரே நீர் வேணாம்னு நாம சொன்ன மாதிரி. இத்தன நாள் ஜெபமும் வீணாயிடும். எடுத்துட்டுப் போ மாப்ள."

"அத்தான், மூக்குல என்ன மாட்டியிருக்கீங்க?"

"கண்ணாடி."

"கண்ணு தெரியும்னு விசுவாசிச்சுக் கழட்டிப் போட்டுட்டு படிக்கக் கூடாதா?"

"அது வேற, இது வேற."

"ரத்த அழுத்தத்துக்குத் தினமும் மாத்திரை போடறீங்களே, அது?"

"அது ஆண்டவர் டாக்டருக்குக் கொடுத்த ஞானம்."

"அதே டாக்டருங்கதான் இந்த நாற்காலியையும் சொன்னாங்க."

அத்தானின் கழுத்து சிவந்தது. குரலைத் தாழ்த்தினார். சண்டையில் அவர் குரலைத் தாழ்த்துவது அதுதான் முதல் தடவை.

"தெருவுல போறவன் வர்றவன் எல்லாம் பாப்பான்டா. நடப்பான் நடப்பான்னு சொல்லிட்டு இப்போ வண்டியில வச்சுத் தள்ளறான்னு பேசுவான். எப்படி விழுந்தான், எங்க விழுந்தான்னு திரும்பவும் ஆரம்பிப்பான்."

வந்தது பூனைக்குட்டி வெளியே. எனக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. தம்பி கட்டிலிலேயே கிடந்து ஜெபத்துக்குப் பொருளாக இருக்கும்வரை அது ஆண்டவர் கணக்கு. சக்கரத்தில் ஏறித் தெருவுக்கு வந்துவிட்டால் அது கொக்கிக் கணக்கு. இந்த மனிதர் இவ்வளவு காலமும் தம்பிக்காக ஜெபம் பண்ணவில்லை. தன் தலை தப்ப வேண்டும் என்றுதான் பண்ணிக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பிடித்துத் தள்ளிவிட்டு உள்ளே போகத்தான் தோன்றியது. அக்கா உள்ளிருந்து வந்து என் முழங்கையைத் தொட்டாள். "இப்ப வேணாம்டா" என்றாள். நாற்காலியை வாசலில் சுவரோரம் நிறுத்திவிட்டு, பலகையை அதற்குப் பின்னால் சாய்த்துவைத்துவிட்டு வந்துவிட்டேன். உள்ளேயிருந்து சின்னவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்.

அடுத்த ஞாயிறு நடந்ததைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள். அக்கா சொல்லி நானே நம்பவில்லை. ஆராதனை முடிகிற நேரம் அறிவிப்புகள் வாசிக்கிற அத்தான், சபைக்கு ஒரு சக்கர நாற்காலியைக் காணிக்கையாகக் கொடுப்பதாக அறிவித்தாராம். முதியோருக்கும் பலவீனருக்கும் உதவுவதற்காக. சபையே கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னதாம். ஒரு பெரியவர் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். நாற்காலியை நான் வைத்துவிட்டு வந்த இடத்திலிருந்து ஆள்விட்டுத் தள்ளிக்கொண்டுபோய், முதுகுப் பக்கத் துணியில் தன் பெயர், கடையின் பெயர் இரண்டையும் கொட்டை எழுத்தில் எழுதவைத்திருக்கிறார். எழுத்துக்குக் கீழே "அன்பளிப்பு" என்று வேறு. நான் போட்ட பேரிங், நான் போட்ட டயர், நான் தைக்கக் கொடுத்த துணி. அன்பு மட்டும் அவருடையது.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். மாதம் முடிய அதிக நாள் இல்லை. வேறு நாற்காலி பார்க்கலாம் என்றால் அதையும் அவர் வாசலில் மறிப்பார். அக்காவிடம் புலம்பினேன். அவள் ஷூப் பெட்டிகளின் தூசி தட்டிக்கொண்டே கேட்டாள். தட்டி முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, புடவையை மாற்றிக்கொண்டு, எங்கோ புறப்பட்டாள்.

போதகர் வீட்டுக்குத்தான் போயிருக்கிறாள். போதகர் சாதுவான மனிதர். மகளின் கல்யாண வேலையில் அலைந்துகொண்டிருந்தவர்.

"பாஸ்டர், எங்க வீட்டுல நடக்க முடியாத ஒருத்தர் ஞாயித்துக்கிழமை சபைக்கு வரணும்னு ஆசப்படறார். அந்த நாற்காலியக் கொஞ்சம் தர முடியுமா?" என்று கேட்டிருக்கிறாள்.

போதகருக்குப் புரியவில்லை. "சபைக்கே ஒண்ணு கொடுத்திருக்காரு. உங்க வீட்டுல முதல்லயே ஒண்ணு இருக்குமே சிஸ்டர்?"

"இல்ல பாஸ்டர். அந்த ஒண்ணுதான்."

போதகர் கல்யாணப் பத்திரிகைக் கட்டை ஓரமாக வைத்துவிட்டு, ஞாயிறு தானே கொண்டுவருவதாகச் சொன்னாராம். ஞாயிறு காலை, அத்தான் மைக் சரிபார்க்க முன்னதாகவே கிளம்பிப் போன பிறகு, அந்த நாற்காலியை அவரே தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நானும் வந்திருந்தேன். வாசல்படியில் என் பலகையைப் போட்டேன். அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தூக்கிச் சின்னவரை நாற்காலியில் வைத்தோம். அவர் காற்றை மூக்கால் நன்றாக இழுத்தார். பிறகு, "அண்ணி, கடைசியா வந்த ஜோடிய எடுத்துத் தாங்க. அண்ணன் கேப்பாரு" என்றார். ஷூப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை என்று கடிகாரக் கடை மூடியிருந்தது. அதன் முன்னால் வரும்போது சின்னவர் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார். பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "படி ஒண்ணே ஒண்ணுதான்" என்றார்.

நாங்கள் உள்ளே நுழையும்போது அத்தான் மேடையில், கையில் மைக்கோடு, விசுவாசத்தைப் பற்றித்தான் ஆரம்பப் பேச்சு பேசிக்கொண்டிருந்தார். நடுப்பாதையில் தம்பி உருண்டு வருவதைப் பார்த்தார். வாய் அப்படியே நின்றது. சபை முழுக்கத் திரும்பியது. ஆனால் என் அத்தானைச் சாதாரணமாக எடை போடக் கூடாது. ஒரு நொடி திணறினார், மறுநொடி முகத்தில் ஒளி வந்துவிட்டது.

"ஸ்தோத்திரம்! பாத்தீங்களா சபையாரே! கையில என்ன கொண்டுவந்திருக்கான் பாருங்க! அவனுக்கே விசுவாசம் வந்திருச்சு! இன்னைக்கு இந்த ஷூவப் போட்டுட்டு நடக்கப்போறான்!"

சபை எழுந்து நின்றுவிட்டது. ஆமென், அல்லேலூயா என்று கூரை அதிர்ந்தது. அத்தான் மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்து, மைக்கைத் தரையில் வைத்தார், அணைக்கவில்லை. கடையில் போடுவதைப் போலவே முழங்கால் போட்டார். தம்பியின் பாதத்தை எடுத்துத் தன் தொடைமேல் வைத்தார். அடிபட்ட நாளிலிருந்து அந்தக் காலை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. தலையில்தான் கை வைப்பார்.

ஷூ ஏறவில்லை. பாதம் வளைந்து, விரல்கள் கீழ்நோக்கி மடங்கி, தசை வற்றிப் போயிருந்தது. குதிகால் பக்கம் மட்டும் வீங்கியிருந்தது. கயிற்றை முழுக்கத் தளர்த்தினார். ஷூவின் நாக்கை மேலே இழுத்தார். முன்பக்கமாக நுழைத்துப் பார்த்தார், பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தார். வியர்வை கண்ணாடியில் சொட்டியது. வருகிறவன் போகிறவன் பாதத்தையெல்லாம் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்லுகிறவர், ஒவ்வொரு வருடமும் பழைய அளவிலேயே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஒரு தடவைகூடப் போர்வையை விலக்கிப் பார்க்கவில்லை. பாட்டுக்காரர்கள் பாட ஆரம்பித்து, அவர்களாகவே நிறுத்திவிட்டார்கள். சத்தம் அடங்கிப்போயிற்று.

சின்னவர் குனிந்தார். அண்ணன் காதுக்கு மட்டும் கேட்கட்டும் என்றுதான் மெல்லக் கேட்டார். தரையில் கிடந்த மைக் அதைச் சபை முழுக்கக் கொண்டுபோயிற்று.

"அண்ணே, அந்த ஏணிக் கொக்கிய மாத்திட்டியா?"

அத்தான் ஷூவை விடாமல், தலை நிமிராமல் பதில் சொன்னார். அதையும் மைக் சொன்னது.

"எண்ணெய் பூசி ஜெபம் பண்ணியிருக்கேன்டா."

ஏணிக்கு! கம்பியில் பிடித்துக்கொள்ள வேண்டிய கொக்கிக்கு, வாய் பிளந்த கொக்கிக்கு, எண்ணெய்! நான் பிழைப்புக்காகக் கொக்கியையும் கம்பியையும் பார்த்துக்கொண்டு இருப்பவன். எனக்கு உடம்பு கூசிவிட்டது. பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் ஒரு பெண் மெல்ல எழுந்தாள். சின்னவர் விழுந்த பிறகு அத்தான் கடையில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள், அதே சபைக்காரி.

"அண்ணா, அதுலதான் நான் தினமும் ஏறி எறங்கறேன்" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. நம்ப முடியாமல் கேட்கிற குரல்.

யாரும் ஆமென் சொல்லவில்லை. போதகர் வந்து தரையிலிருந்த மைக்கை எடுத்து அணைத்தார். பிறகு குனிந்து அத்தானின் கையிலிருந்து ஷூவை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தார். "பிரதர், நீங்க போய் உக்காருங்க" என்றார். சின்னவரிடம், "தம்பி, இது உங்ககிட்டயே இருக்கட்டும். சபையில கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்" என்று நாற்காலியைக் காட்டிச் சொன்னார். அக்கா கடைசி வரிசையில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அன்று மதியமே, அக்கா சொல்லி, என் கருவிப் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ஏணித் தலையில் எண்ணெய் பிசுபிசுத்தது. தூசி வேறு அப்பியிருந்தது. இரண்டு கொக்கியையும் அறுத்தெறிந்துவிட்டுப் புதிது போட்டேன். ஆடிக்கொண்டிருந்த கம்பியையும் சுவரில் இறுக்கினேன். ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம்தான் ஆயிற்று. ஒரு மனிதரின் இடுப்புக்குக் கீழே இருந்ததெல்லாம் அவ்வளவு நேர வேலைக்காகப் போயிருக்கிறது. நான் வேலை செய்யும்போது அத்தான் ஏணியடியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார். "ஆண்டவரே, சரியான நேரத்துல சரியான ஆள அனுப்பினீரே" என்று முணுமுணுத்தார்.

"என்னய அனுப்பினது உங்க பொண்டாட்டி, அத்தான்" என்றேன். கண்ணைத் திறக்கவில்லை.

திருந்தினாரா என்று கேட்பீர்கள். அதற்கடுத்த வாரம் சபையில் சாட்சி சொல்ல எழுந்தார். "என் தம்பி கட்டிலவிட்டு எழுந்து வேலைக்குப் போறான். அவிசுவாசியா இருந்த என் மச்சினன் மனசுலயும் ஆண்டவர் அசைவு கொடுத்திருக்கார்" என்றாராம். முன்னைப் போலக் கைதட்டல் இல்லையாம். இரண்டு மூன்று பேர் இருமினார்களாம். ஆனாலும் எழுந்தார் பாருங்கள், அந்த நெஞ்சழுத்தம் யாருக்கு வரும்?

கடிகாரக் கடைக்காரர் அந்த ஒற்றைப் படிக்குச் சிமெண்டில் சரிவு போட்டுக் கொடுத்துவிட்டார். சின்னவர் இப்போது எதிர் மேசையில் உட்கார்ந்து, கண்ணில் சின்ன பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, திருகாணி விழுந்தால் தானே குனிந்து எடுக்கிறார். கட்டிலுக்கடியில் கிடந்த ஷூக்களையெல்லாம் அக்கா ஒரு மூட்டையாகக் கட்டி, கால் நன்றாக இருக்கிறவர்களாகப் பார்த்துக் கொடுத்துவிட்டாள். அவள் இடுப்பு வலி போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், குறைந்திருக்கிறது.

நாற்காலியின் முதுகில் இருக்கிற எழுத்தைச் சுரண்டி எடுத்துவிடட்டுமா என்று சின்னவரைக் கேட்டேன். அவர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேணாம் லிஃப்ட்டு. நான் இதுல உக்காரக் காரணமானவர் பேர்தான அது, இருக்கட்டும்."

வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தக் கொட்டை எழுத்து ஷூக் கடை வாசலைத் தாண்டிப் போகிறது. அந்த நேரம் பார்த்து அத்தானுக்குச் சரக்கு அறையில் ஏதாவது வேலை வந்துவிடுகிறது.